கம்பியின் குளிர்

மார்கழி மாதம். விடிய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. மாட்டுத்தாவணியில் ராஜபாளையம் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து முன்சீட்டுக் கம்பியைப் பிடித்ததும் உள்ளங்கையில் சுரீரென்று குளிர் ஏறியது. கையை எடுத்து அதே சீட்டின் ரெக்சின் மேல் வைத்தேன். அங்கே அந்தக் குளிர் இல்லை. ஜன்னல் கண்ணாடி இரண்டுக்கும் நடுத்தரம். மூன்றுமே இரவெல்லாம் ஒரே பஸ்ஸில், ஒரே காற்றில் கிடந்தவை. தெர்மாமீட்டரை ஒட்டிவைத்துப் பார்த்தால் மூன்றிலும் அதே இருபது டிகிரிச் சொச்சம்தான் காட்டும். கம்பி கூடுதலாகக் குளிர்ந்து கிடக்கவில்லை. என் கைச்சூட்டை மற்ற இரண்டையும்விட வேகமாக வாங்கிக் கடத்திவிடுகிறது. குளிர் என்று கை சொல்வது, தன்னைவிட்டுச் சூடு போகிற வேகத்தை.

எளிதிற் கடத்தி, அரிதிற் கடத்தி என்று இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதி மார்க் வாங்கியது எல்லோருக்கும் நினைவிருக்கும். எது எந்தப் பத்தி என்பதோடு அந்தப் பாடம் முடிந்துவிடும். ஏன் என்று கேட்டால், உலோகத்தில் கட்டற்ற எலக்ட்ரான்கள் இருக்கின்றன என்பார் ஆசிரியர். அது பாதிப் பதில். மீதிப் பாதியைத் தேடியவர்களில் ஒருவர் இந்த பஸ் போகிற திசையில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து வத்திராயிருப்பில் பிறந்தவர். கே.எஸ்.கிருஷ்ணன். சி.வி.ராமனோடு சேர்ந்து ராமன் விளைவைக் கண்டவர் என்ற அளவிலேயே அவர் பெயர் நம்மிடம் நின்றுவிட்டது. உலோகத்துக்குள் மின்சாரம் எப்படி நடக்கிறது என்று அவர் யோசித்த விதத்தைப் படித்த நாளிலிருந்து, அந்த ஊரை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்றிருந்தேன்.

திருமங்கலம், டி.கல்லுப்பட்டி தாண்டும்போது கிழக்கு வெளுத்தது. கிருஷ்ணன்கோவிலிலேயே இறங்கினால் வத்திராயிருப்பு பக்கம்தான். ஆனால் மார்கழியில் ஆண்டாள் ஊருக்கு இவ்வளவு அருகே வந்துவிட்டு ஒதுங்கிப்போக மனசில்லை. டிக்கெட்டை ஸ்ரீவில்லிபுத்தூருக்கே எடுத்திருந்தேன். கோயிலில் திருப்பாவை ஒலித்துக்கொண்டிருந்தது. கும்பிட்டுவிட்டு வெளியே வந்தபோது தெருவெல்லாம் பால் காயும் மணம்.

மணம் வந்த பட்டறைக்குள் எட்டிப் பார்த்தேன். நான்கு அடுப்புகள். ஒவ்வொன்றிலும் இரண்டடிக்கு மேல் வாயகன்ற இரும்புக் கடாய். அடியில் முந்திரித் தோடு எரிந்துகொண்டிருந்தது. அறுபதைத் தாண்டிய மாஸ்டர் ஒருவர், நீண்ட துடுப்பால் நிறுத்தாமல் கிண்டிக்கொண்டிருந்தார். பார்க்கலாமா என்றதும் முக்காலியைக் காலால் நகர்த்திப் போட்டார்.

“பத்து லிட்டர் பாலுக்கு ஒண்ணேகால் கிலோ சீனி, தம்பி. வேற ஒண்ணும் கிடையாது. மத்ததெல்லாம் அடுப்பும் கையுந்தான்.”

“அண்ணாச்சி, எவர்சில்வர் அண்டாவுல காய்ச்சினா கழுவுறதுக்குச் சுலபமா இருக்குமே?”

அவர் துடுப்பை நிறுத்தவில்லை. “அது சூட்டைப் பரத்தாது. தீ எங்க படுதோ அந்த எடத்துலயே பிடிச்சுக்கும். பக்கத்துல பால் சும்மா கெடக்கும், நடுவுல ஒரு வட்டம் கருகிப்போகும். இரும்புன்னா எல்லாப் பக்கமும் இழுத்துக் குடுக்கும்.”

அந்தத் துடுப்பைக் கிட்டே போய்ப் பார்த்தேன். முக்கால் பாகம் இரும்பு, கைப்பிடி மட்டும் மரம். இரும்பும் மரமும் சேரும் பூணுக்கு மேலே ஒரு விரல் அகலத்துக்கு மரம் கறுத்திருந்தது. அந்த விரலகலத்துக்கு மேல் ஒரு கறுப்பும் இல்லை. ஆண்டாண்டாகக் கைபட்டுத் தேய்ந்த வழுவழுப்பு மட்டும். இரும்பில் ஏறிவந்த சூடு, மரத்தில் அந்த ஒரு விரலகலத்தோடு நின்றுபோயிருக்கிறது.

அவர் கையால் அறிந்ததற்கு இயற்பியலில் எண் இருக்கிறது. ஒரு மீட்டர் பக்கமுள்ள கனசதுரக் கட்டி. எதிரெதிர் முகங்களுக்கு இடையே ஒரு டிகிரி வித்தியாசம். நொடிக்கு எத்தனை ஜூல் வெப்பம் கடக்கும்? வெள்ளியில் ஏறக்குறைய 430, தாமிரத்தில் 400, அலுமினியத்தில் 237, சுத்த இரும்பில் 80. கடாய் இரும்பில் கரி கொஞ்சம் கலந்திருப்பதால் ஐம்பது பக்கம். எவர்சில்வரில் வெறும் 15. கண்ணாடியில் ஒன்று, மரத்தில் ஒன்றில் ஐந்திலொரு பங்குகூடத் தேறாது.

இதில் எனக்கு நெடுநாள் உறுத்திக்கொண்டிருந்தது எவர்சில்வர். அதில் இருப்பவை முக்கியமாக இரும்பு, குரோமியம், நிக்கல். தனித்தனியே எடுத்தால் இரும்பு 80, மற்ற இரண்டும் 90-ஐ ஒட்டி. எண்பதும் தொண்ணூறும் கலந்தால் எண்பத்தைந்து வர வேண்டும் என்றுதானே மனக்கணக்கு சொல்லும்? பதினைந்து எப்படி வந்தது? மூன்றும் உலோகம், மூன்றிலும் கட்டற்ற எலக்ட்ரான்கள் உண்டு. கலந்ததும் அவை எங்கே போயின? ஆசிரியர் சொன்ன பதில் இந்த இடத்தில்தான் தீர்ந்துபோகிறது.

மாஸ்டர் ஒரு துண்டு மந்தார இலையில் சூடான பால்கோவாவை வைத்துத் தந்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

கூமாப்பட்டி போகிற டவுன் பஸ்ஸில் இடம் கிடைத்தது. கிருஷ்ணன்கோவிலில் பெரிய சாலையை விட்டு மேற்கே திரும்பியதும் மலை முன்னால் வந்து நின்றுவிடுகிறது. இருபுறமும் தென்னை, நடவு முடிந்த வயல், இடையிடையே கண்மாய். கரிசலும் வெயிலுமாகவே நினைவில் பதிந்துபோன விருதுநகர் மாவட்டத்தில் இப்படி ஒரு பச்சை மூலை. மலையடிவாரம் முழுக்க நீரோட்டம் உண்டு. பிளவக்கல் அணை கொஞ்ச தூரத்தில்தான். சதுரகிரிக்குப் போகிறவர்களும் இந்த வழியாகத்தான் தாணிப்பாறைக்குப் போகிறார்கள்.

வத்திராயிருப்பில் இறங்கி டீ குடித்த கடையில் கிருஷ்ணனைப் பற்றிக் கேட்டேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்தார். “டெல்லியில பெரிய லேபாரட்டரியில இருந்தாரே, அவரையா கேக்கீங்க? நம்ம ஊர்க்காரருதான். பெரிய மனுசன்.” அதற்கு மேல் அவருக்குத் தெரியவில்லை. அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

கிருஷ்ணன் 1898 டிசம்பர் 4-ம் தேதி இங்கே பிறந்தார். மதுரை அமெரிக்கன் கல்லூரி, சென்னை கிறித்தவக் கல்லூரி, பிறகு கல்கத்தாவில் ராமனின் ஆய்வுக்கூடம். அங்கே அவர் முதலில் செய்த வேலை பொறுமையைச் சோதிப்பது. அறுபதுக்கு மேற்பட்ட திரவங்களைத் திரும்பத் திரும்பச் சுத்தப்படுத்தி, அவற்றில் ஒளி எப்படிச் சிதறுகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். 1928-ல் ராமன் விளைவு அந்த வேலையின் தொடர்ச்சியாகத்தான் வந்தது. டாக்கா, மறுபடி கல்கத்தா, 1942-லிருந்து அலகாபாத், 1947-ல் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர். ஊர்கள் மாறினாலும், தெளிவாகத் தெரிகிற ஒரு பொருளுக்குள் ஒளியை எது சிதறடிக்கிறது என்ற கேள்வி அவரைவிட்டு நீங்கவில்லை. அதைத்தான் பின்னாளில் அவர் உலோகத்திடமும் கேட்டார்.

பஜாரின் கோடியில் மோட்டார் காயில் கட்டும் கடை ஒன்று. வாசலில் எரிந்துபோன பம்ப்செட் மோட்டார்கள் வரிசையாகக் கிடந்தன. உள்ளே முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் தரையில் சம்மணம் போட்டு, ஸ்டேட்டரின் பள்ளங்களில் தாமிரக் கம்பியை நுழைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு விவசாயி, தன் மோட்டாருக்காகக் காத்திருந்தார். மூன்று பேஸில் ஒன்று போனது தெரியாமல் ஓடவிட்டிருக்கிறார்கள். மீதி இரண்டில் மின்சாரம் அளவுக்கு மீறி ஏறி, காயில் கருகிவிட்டது. பிரித்தெடுத்த பழைய கம்பிச் சுருள் ஒரு மூலையில் கரிக்கட்டையாகக் கிடந்தது. எடுத்துச் சுரண்டிப் பார்த்தேன். கறுப்புக்குக் கீழே தாமிரம் அதே செம்பொன் நிறத்தில் இருந்தது. எரிந்தது அதன் மேல் பூசியிருந்த எனாமல்தான். தலைமுடி அளவுகூடத் தடிமனில்லாத அந்தப் பூச்சில் எலக்ட்ரான்கள் அணுக்களுக்கு இடையிலான பிணைப்பில் கட்டுண்டு கிடப்பதால்தான், ஒன்றையொன்று உரசிக்கொண்டிருக்கும் நூற்றுக்கணக்கான சுற்றுகளில் மின்சாரம் குறுக்கே பாயாமல் சுற்றிச் சுற்றி ஓடுகிறது.

“அலுமினியக் கம்பியில கட்டித் தரமாட்டீங்களா? விலை குறையுமே?” என்றேன்.

“கட்டலாம் சார். ஆனா அதே கரண்டு போகணும்னா கம்பி தடிமனா வேணும். இந்தப் பள்ளத்துல எடம் பத்தாது. லைன்ல போற கம்பிக்குத்தான் அது சரி.”

சரியாகச் சொன்னார். ஒரே தடிமனில் அலுமினியம் தாமிரத்தின் அறுபது சதவீதம்தான் மின்சாரம் கடத்தும். ஆனால் எடை மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. கம்பத்துக்குக் கம்பம் தொங்க வேண்டிய இடத்தில் அதுதான் கெட்டிக்காரத்தனம். அதனால்தான் வயல்களுக்கு மேலே போகும் லைன் முழுக்க அலுமினியம், பலத்துக்கு நடுவில் எஃகு.

அவரிடம் ஒரு சீலிங் ஃபேன் காயில், வார்னிஷ் காய்வதற்காகக் குண்டு பல்பின் சூட்டில் இருந்தது. மல்டிமீட்டரை வைத்தார். 175-ஐத் தாண்டிக் காட்டியது. “ஆறட்டும், பாருங்க” என்றார். டீ வந்து குடித்து முடித்து, விவசாயியோடு மழையைப் பற்றிப் பேசி முடித்த பிறகு திரும்ப அளந்தார். 150 ஓம். அதே கம்பி, அதே நீளம். சூடு இறங்கியதில் தடை அவ்வளவு குறைந்திருக்கிறது. தாமிரத்தில் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.4 சதவீதம். “சூட்டுல கம்பி தடுக்கும் சார். ஏன்னு தெரியாது. ஆனா தடுக்கும்” என்றார்.

அந்த ‘ஏன்’தான் நான் தேடி வந்தது.

1897-ல் ஜே.ஜே.தாம்சன் எலக்ட்ரானைக் கண்டார். மூன்றே வருடத்தில் ஜெர்மனியின் பால் டிரூடே, உலோகத்துக்குள் எலக்ட்ரான்கள் காற்று மூலக்கூறுகளைப் போல அலைகின்றன, அணுக்களின் மேல் மோதி மோதித்தான் தடை வருகிறது என்றார். பள்ளிப் பாடம் இன்றும் நிற்பது கிட்டத்தட்ட இந்த இடத்தில்தான். ஆனால் தாமிரத்தில் அணுக்கள் நெல்மணியாய் நெருக்கி அடுக்கப்பட்டிருக்கின்றன. மோதல்தான் காரணம் என்றால் எலக்ட்ரான் அடுத்த அணுவிலேயே முட்டி நிற்க வேண்டும். அறைச்சூட்டில் அது சுமார் நூற்றைம்பது அணுக்களைத் தாண்டிய பிறகே தடம் மாறுகிறது. 1928-ல், கல்கத்தாவில் ராமனும் கிருஷ்ணனும் புதிய ஒளியைப் பார்த்த அதே ஆண்டில், லைப்சிக்கில் ஃபெலிக்ஸ் பிளாக் என்ற இளைஞர் இதற்கு விடை சொன்னார். எலக்ட்ரான் அலையாகவும் நடக்கும். ஒரே மாதிரி அணுக்கள், ஒரே மாதிரி இடைவெளியில், பிசகில்லாமல் அடுக்கப்பட்டிருந்தால் அந்த அலைக்கு அங்கே தடையே இல்லை. எத்தனை கோடி அணுக்கள் இருந்தாலும் ஊடுருவிப் போய்விடும்.

அப்படியானால் அணுக்களைக் குற்றம் சொல்ல முடியாது. அவற்றின் வரிசை கலைவதுதான் தடை.

கிருஷ்ணன் இங்கேதான் வருகிறார். அவருக்கு இது பழக்கப்பட்ட இடம். முற்றிலும் சீரான திரவமோ காற்றோ இருந்தால் ஒளி அதில் சிதறாது, நேரே போய்விடும். வெப்பத்தால் மூலக்கூறுகள் அலைந்து, ஒரு கணம் இங்கே நெருங்கி அங்கே விலகுவதால்தான் ஒளி பக்கவாட்டில் சிதறுகிறது. வானம் நீலமாக இருப்பதற்கும் காரணம் அந்தச் சமமின்மைதான். திரவங்களில் இதை வருடக்கணக்காக அளந்த மனிதர், 1940-களில் அலகாபாத்தில் ஏ.பி.பாட்டியாவுடன் சேர்ந்து, எலக்ட்ரான் அலைக்கும் இதே கணக்கைப் போட்டார். உலோகத்தின் அணுக்கள் வெப்பத்தில் ஆடும்போது அடர்த்தியில் ஏற்படும் ஏற்ற இறக்கம் எவ்வளவு, அது எலக்ட்ரானை எவ்வளவு சிதறடிக்கும் என்று பார்த்து, அதிலிருந்து மின்தடைக்கு வந்தார். சோடியம் போன்ற எளிய உலோகங்களுக்கு மட்டுமல்ல, உருகிய உலோகத்துக்கும் அந்த வழி பொருந்தும் என்பதுதான் அதன் அழகு. தாமிரம் உருகும் கணத்தில் அதன் தடை ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. எலக்ட்ரான் ஒன்றும் குறைந்துவிடவில்லை. வரிசைதான் குலைந்தது.

அவர் செய்த வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். வானத்தின் நீலமும் கம்பியின் தடையும் ஒரே கணக்கின் இரு வரிகள் என்று காண்பதற்கு ஒரு தனிக் கண் வேண்டும். ராமன் விளைவில் அவர் பங்கு எவ்வளவு என்ற பழைய வழக்கைப் பேசுவதற்குச் செலவழித்த நேரத்தில் கால்வாசியை நாம் இதற்குக் கொடுத்திருக்கலாம்.

எவர்சில்வர் புதிரும் இங்கே அவிழ்கிறது. இரும்பு அணுக்களின் வரிசையில் நாலு அணுவுக்கு ஒன்று வேற்று அணு, அதுவும் எந்த ஒழுங்கும் இல்லாமல் கண்ட இடத்தில் செருகி நிற்கிறது. எந்தப் பக்கம் போனாலும் அலை சிதறுகிறது. பித்தளையும் அப்படித்தான். தாமிரத்தில் துத்தநாகம் கலந்ததும் 400 என்பது 120-க்கு இறங்கிவிடுகிறது. எலக்ட்ரான் கணக்கை மட்டும் பார்த்தால் ஈயம் தாமிரத்தைத் தோற்கடிக்க வேண்டும். அணுவுக்கு ஒரு எலக்ட்ரானைத் தருகிறது தாமிரம். ஈயம் நான்கைத் தருகிறது. ஆனால் ஈயம் நெகிழ்ந்த உலோகம், அறைச்சூட்டிலேயே அதன் அணுக்கள் தளர்ந்து ஆடிக்கொண்டிருக்கும். மின்சாரம் கடத்துவதில் தாமிரத்தின் பத்திலொரு பங்கைக்கூட அது எட்டுவதில்லை. மறுபுறம், மிகச் சுத்தமான தாமிரத்தைத் திரவ ஹீலியத்தின் குளிருக்குக் கொண்டுபோனால் ஆட்டம் அடங்கி, அதன் தடை ஆயிரம் மடங்குக்கு மேல் குறைந்துவிடும்.

இதையெல்லாம் கடைக்காரரிடம் என் மொழியில் சொன்னேன். கம்பி நுழைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார். பிறகு அவர் ஒன்று கேட்டார்.

“தடிச்ச தாமிரக் கம்பியில சால்ட்ரிங் வைக்கிறது பெரும்பாடு சார். வைக்கிற சூட்டையெல்லாம் இழுத்துட்டுப் போயிரும், ஈயமே உருகாது. தகரத்துல டக்குனு பிடிக்கும். கரண்டு நல்லாப் போற எடத்துல சூடும் நல்லாத்தான் போகுமோ?”

1853-ல் குஸ்டாவ் வீடமனும் ருடால்ஃப் ஃபிரான்ஸும் உலோகம் உலோகமாக அளந்து சொன்னது அதையேதான். வெப்பம் கடத்தும் திறனை மின்சாரம் கடத்தும் திறனால் வகுத்தால், ஒரே வெப்பநிலையில் எல்லா உலோகத்துக்கும் ஏறத்தாழ ஒரே எண் வருகிறது. இரண்டையும் சுமப்பவை அதே எலக்ட்ரான்கள். எது அவற்றைச் சிதறடித்தாலும் இரண்டுக்கும் சேர்த்தே இடைஞ்சல். பால்கோவா மாஸ்டர் தீயில் கண்டதும் இவர் சால்ட்ரிங்கில் கண்டதும் அதே ஓட்டத்தைத்தான். டெல்லியில் கிருஷ்ணன், ஜெயின் என்பவரோடு சேர்ந்து கடைசிக் காலத்தில் செய்த ஆய்வுகளில் ஒன்று, இந்த இரண்டும் சந்திக்கிற இடம்தான்: வெற்றிடத்தில் மின்சாரத்தால் தகிக்கும் மெல்லிய கம்பியில், நடுவிலிருந்து முனை வரை வெப்பநிலை எப்படி இறங்குகிறது என்பது.

விதிக்கு வெளியே நிற்பது வைரம். மின்சாரத்துக்கு வழியே விடாது. ஆனால் வெப்பத்தைத் தாமிரத்தைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு கடத்தும். அங்கே எலக்ட்ரானுக்கு வேலையில்லை. லேசான கரி அணுக்கள் மிக இறுக்கமாகப் பிணைந்திருப்பதால் ஒரு முனையின் அதிர்வு மறுமுனைக்கு அப்படியே ஓடிவிடுகிறது. அதே கரி, தாள்தாளாக அடுக்கிய கிராஃபைட் ஆனால் கதையே வேறு. கடைக்காரரின் மேஜையில் மிக்சி மோட்டாருக்கான கார்பன் பிரஷ் ஒன்று இருந்தது. விரலில் தேய்த்தால் மைபோல ஒட்டியது. 1939-ல் கிருஷ்ணனும் கங்குலியும் கிராஃபைட் படிகத்தை அளந்தபோது, தாளின் போக்கிலேயே மின்சாரம் எளிதாகப் போவதையும், தாள்களுக்குக் குறுக்கே ஆயிரக்கணக்கான மடங்கு தடுக்கப்படுவதையும் கண்டார்கள். ஒரே பொருள், ஒரே துண்டு. திசை மாறினால் கடத்தி கடத்தாப் பொருளை நெருங்கிவிடுகிறது. எளிதிற் கடத்தி என்ற பத்தியில் இதை எப்படி எழுதுவது?

மூன்று மணிக்கு விவசாயியின் மோட்டார் தயாரானது. முந்தின நாளே வார்னிஷ் காய்ந்திருந்தது, மூடி பூட்டுவதுதான் பாக்கி. குட்டியானை வண்டியில் ஏற்றும்போது, “சும்மாதான இருக்கீங்க, கிணத்தடி வரைக்கும் வாங்க” என்றார் அவர். போனேன்.

மலையை ஒட்டிய தென்னந்தோப்பு. ஆழமான கல்கட்டுக் கிணறு. மோட்டாரைப் பொருத்தி, ஃபூட்வால்வில் தண்ணீர் ஊற்றி, மூன்று பேஸும் வருகிறதா என்று டெஸ்ட்லாம்பில் பார்த்துவிட்டுத்தான் ஸ்டார்ட்டரைத் தட்டினார். ஒரு இருமல், அப்புறம் சீரான ஓசை. தொட்டியில் தண்ணீர் விழுந்தது. அவர் பேரன் வாய்க்கால் மடையைத் திருப்ப ஓடினான்.

அரை மணி நேரம் கழித்து, வெயில் மலைக்குப் பின்னால் இறங்கியதும் தோப்புக்குள் குளிர் சூழ்ந்தது. விவசாயி புறங்கையை மோட்டாரின் மேல் வைத்துப் பார்த்தார். என்னையும் வைக்கச் சொன்னார். வார்ப்பிரும்பு வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளே தாமிர வரிசையில் ஆடும் அணுக்களிடம் எலக்ட்ரான்கள் இழந்த சக்தி, எனாமலையும் காகிதத்தையும் இரும்பையும் கடந்து என் கைக்கு வந்திருந்தது.

“இந்தச் சூடு இருந்தாச் சரி” என்றார். “கை வைக்க முடியலைன்னாத்தான் பயம்.”

கையை எடுக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தோம். மலைக்கு மேலே மிச்சமிருந்த வெளிச்சம் நீலமாகச் சிதறிக்கொண்டிருந்தது.